ஒன்பது அங்குலமும் ஓர் ஐஸ் பெட்டியும்

ஏப்ரல் 3, வியாழன்

ஓய்வூதியர் சங்கத்தில் இன்று மகிழ்ச்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவு. பேச்சாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். கன்னத்தோடு ஒட்டிய மைக், வெள்ளை நிற ஷூ. பிறருக்குக் கொடுக்கிறவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைகிறதாம், தூக்கம் நன்றாக வருகிறதாம். தினமும் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், கொடுத்த பிறகு மனம் எவ்வளவு மகிழ்ந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுதி வாருங்கள், ஐம்பதே நாளில் நீங்கள் வேறு மனிதர் என்றார்.

நான் வேறு மனிதராக வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற இந்த ஏழு வருடத்தில் மாத்திரை ஒன்றிலிருந்து நான்காகிவிட்டது. பகல் முழுவதும் செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். நாள் போவதில்லை. சார்பதிவாளராக இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான தானப் பத்திரங்களைப் பதிவு செய்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர்கள் கொடுத்தவை. கொடுக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்ததில்லை. கைரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தி. சு. திருமலைக்கொழுந்தாகிய நான், சுய நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும், நாளை முதல் கொடுக்கத் தொடங்குகிறேன். மனைவி உலகம்மாளிடம் தெரிவித்தேன். "என்னத்தக் கொடுக்கப் போறீய?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

தண்ணீர் கேன் போடும் செல்லையாவுக்கு என் அலுவலகச் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். காலர் மட்டும்தான் கிழிந்திருந்தது. நல்ல துணி என்று சொல்லி வாங்கிக்கொண்டார். நன்றி சொல்வார் என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அவர் காலி கேனுக்காக நின்றுகொண்டிருந்தார்.

மாலையில் பார்த்தால் அந்தச் சட்டையால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மதிப்பெண்: 3.

ஏப்ரல் 6, ஞாயிறு

இஸ்திரி போடும் மாரியப்பனுக்கு வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு மணி நேரம் இலவச ஆலோசனை கொடுத்தேன். கடைசியில் அவருக்குச் சொந்த வீடு என்று தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாம். மதிப்பெண்: 4.

பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு குறிப்பு. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும், ஆவணம் என்றால் எல்லைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

என் வீட்டுக்கு மேற்கே ஆவுடையப்பன் வீடு. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் ஒன்றாகத் தேநீர் குடித்தோம். ஒரே நாளில் மனை வாங்கி ஒரே கொத்தனாரை வைத்துக் கட்டினோம். அவன் வாசல் தெருவைப் பார்த்து இல்லை. கிழக்கே பார்க்க வேண்டும் என்று, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் வைத்துக்கொண்டான். ஆறு வருடத்துக்கு முன் அந்தச் சந்தோரம் நான் மதில் கட்டினேன். ஒன்பது அங்குலச் சுவர். அந்த ஒன்பது அங்குலமும் தன் சந்தில் நிற்கிறது என்கிறான் அவன். என் மனையில் நிற்கிறது என்கிறேன் நான். வழக்கு முன்சீப் கோர்ட்டில் இருக்கிறது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவன் இல்லை. அதைப் பதிவு செய்யவே இந்தக் குறிப்பு.

ஏப்ரல் 9, புதன்

உலகம்மாள் தினமும் ஒரு தம்ளர் அரிசி கூடப் போடுகிறாள். கேட்டால் காக்கைக்கு என்கிறாள். எங்கள் தெருக் காக்கைகள் ரசமும் சாப்பிடும் போலிருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். சங்கத்தின் சார்பில் நீர்மோர்ப் பந்தல். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தவர்கள் எல்லாரும் பந்தலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தார்கள். அதில் சங்கத் தலைவர் குற்றாலலிங்கம் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். அவர் பந்தலுக்கு வந்தது பத்து நிமிடம். பத்திரிகையில் போடுவதற்கு எடுத்த படத்தில் என் கையும் மோர் ஜாடியும் மட்டும் விழுந்திருக்கின்றன.

கொடுப்பது மகிழ்ச்சி தருகிறது என்பது உண்மைதான். ஆனால் கொடுத்தது யார் என்று தெரியாவிட்டால் அந்த மகிழ்ச்சி யாரிடம் போய்ச் சேரும்? இதைப் பேச்சாளர் விளக்கவில்லை. மதிப்பெண்: 2.

ஏப்ரல் 18, வெள்ளி

விடை கிடைத்துவிட்டது. எங்கள் காலனியில் சாவு விழுந்தால் உடலை வைக்கும் ஐஸ் பெட்டிக்கு டவுனுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும் வரை வீட்டார் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. சொந்தமாக ஒரு பெட்டி வாங்கிச் சங்கத்துக்குக் கொடுக்கப் போகிறேன். இலவச உபயோகம். மோர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெட்டி நிற்கும். அதில் பெயரும் நிற்கும்.

உலகம்மாளிடம் சொன்னேன். "உயிரோட இருக்கவுகளுக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்றாள். அவளுக்குத் தொலைநோக்கு கிடையாது.

ஏப்ரல் 25, வெள்ளி

பாத்திரங்களில் பெயர் வெட்டும் இராமலிங்கத்தைச் சங்கத்துக்கே வரவழைத்தேன். பெயின்ட்டில் எழுதினால் அழிந்துவிடும். ஸ்டீல் தகட்டில் வெட்டினால் காலத்துக்கும் இருக்கும். பெட்டியின் தலைமாட்டில் தகடு. 'உபயம்: தி. சு. திருமலைக்கொழுந்து, பி.ஏ., சார்பதிவாளர், ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தேன்.

இராமலிங்கம் அளந்து பார்த்துவிட்டு இடம் பற்றாது என்றார். ஒன்று எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு வார்த்தையை எடுக்க வேண்டும். பட்டத்தை எடுக்க முடியாது, படித்து வாங்கியது. பதவியை எடுக்க முடியாது, உழைத்து வாங்கியது. 'உபயம்' என்பதை எடுக்கச் சொன்னேன். பெட்டியைப் பார்த்தால் உபயம் என்று தெரியாதா என்ன?

ஆழமாக வெட்டச் சொன்னேன். பளபளவென்று வந்திருக்கிறது. தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெட்டி ஒப்படைப்பு விழா. ரிப்பன் வெட்டினேன். குற்றாலலிங்கம் பேசினார்: "இந்தப் பெட்டிக்கு வேலையே வராம இருக்கணும்னு ஆண்டவன வேண்டிக்கிடுவோம்." எல்லாரும் கைதட்டினார்கள். அன்று முழுவதும் அதுதான் பெரிய கைதட்டல்.

கொடுத்த பொருள் பயன்படக் கூடாது என்று கூட்டம் போட்டுக் கைதட்டியதை என் வாழ்நாளில் இன்றுதான் பார்க்கிறேன். கேசரியும் வடையும் ஏற்பாடு செய்திருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரும் சாப்பிடவில்லை. பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மதிப்பெண்: 5. பெயர் நன்றாக இருக்கிறது என்பதற்காக.

மே 1, வியாழன்

பெட்டிக்கு இன்றும் யாரும் இல்லை.

மே 4, ஞாயிறு

காலை நடையில் எதிரே வந்த பெரியவர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். சாதாரண மரியாதைதான். முதல் தெரு கந்தையாவுக்குத் தொண்ணூறு வயது. மூச்சிரைப்பு உண்டு. இரவில் படுத்தால் இருமல் வருகிறதா, பிள்ளைகள் யார் யார் எங்கே இருக்கிறார்கள், செய்தி சொன்னால் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். அவர் பாதியிலேயே திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 7, புதன்

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பாதையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். பூங்காவை நான் இடமாகச் சுற்றினால் அவர்கள் வலமாகச் சுற்றுகிறார்கள். எதிரே வரும்போது கந்தையா வேகமாக நடக்கிறார். தொண்ணூறு வயதில் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னால் ஒருவருக்கு உடல்நலம் கூடியிருக்கிறது. ஆனால் இதற்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பனுக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றியிருக்கிறார்களாம். முழங்கால் வலியும் இருக்கிறதாம். உலகம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

மூன்றாம் தெரு பிச்சையா அதிகாலையில் காலமானார். எண்பத்து நான்கு வயது, கல்யாணச் சாவு. தகவல் வந்த ஐந்தாவது நிமிடம் நான் சங்க அறையைத் திறந்துவிட்டேன். பெட்டியோடு வண்டியில் நானும் போனேன். பிளக் சரியாகப் பொருந்துகிறதா என்று நானே பார்த்தேன்.

ஒரு குறை. வந்தவர்கள் எல்லாரும் மாலையைத் தலைமாட்டில் சாத்துகிறார்கள். பெயர் மறைந்துவிடுகிறது. மூன்று முறை மாலைகளைக் கால்மாட்டுக்குத் தள்ளி வைத்தேன். நான்காவது முறை பிச்சையாவின் மருமகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

குற்றாலலிங்கம் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். கண்ணாடி முழுவதும் பூ. முகம் தெரியவில்லை. பெயர் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. கீழே கைகூப்பிய படம் ஒன்று, வேறு வாசகம் இல்லை.

மதிப்பெண்: 9.

மே 12, திங்கள்

நேற்று மதியம் முதல் இன்று மாலை வரை போன் ஓயவில்லை. நான் இறந்துவிட்டதாகத் தமிழ்நாடு முழுவதும் செய்தி போயிருக்கிறது.

சேலத்திலிருந்து என் அக்கா மகன் பேசினான். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டான். நான்தான் பேசுகிறேன் என்றேன். இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், இனி ரத்து செய்ய முடியாது என்றும் சொன்னான். குரலில் வருத்தம் இருந்தது. எதற்காக என்று தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்தவர்களின் குழுவில் நாற்பத்தொரு பேர் இரங்கல் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பிய படம். ஒருவர், நேரம் தவறாதவர் என்று எழுதியிருந்தார். ஒருவர், அலுவலகத்துக்காக நான் வாங்கிய பழைய மேசைக்கு இனி யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். இருபது வருடம் என் கீழ் வேலை பார்த்த எழுத்தர், 'ஐயாவின் கையெழுத்து அழகாக இருக்கும்' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் நேற்று சந்தில் விழுந்துவிட்டானாம். இடுப்பெலும்பு முறிவு, ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. அறுபத்தாறு வயதில் பார்த்து நடக்க வேண்டாமா?

மே 14, புதன்

இராமலிங்கத்தை அழைத்து, தகட்டில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். நான் சொன்னபடி ஆழமாக வெட்டியதால் அழிக்க முடியாது, வேண்டுமானால் ஓரமாகச் சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்றார். குற்றாலலிங்கம் யோசனை சொன்னார்: "பேருக்குக் கீழ 'உயிருடன் இருக்கிறார்'னு போட்டுருவோமா?" அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேதி போட்டு வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

இப்போதைக்குத் தகட்டின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது.

உலகம்மாள் நான்கு நாளாகக் காலையும் மாலையும் கோயிலுக்குப் போகிறாள். பிளாஸ்க் எடுத்துக்கொண்டு போகிறாள்.

மே 16, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது, ஆவுடையப்பனுக்குப் பொறுமை கிடையாது, சந்தில்கூட ஓடித்தான் போவான் போலிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம். சாதம் போடும்போது அவள் கரண்டியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி எதுக்கு ஓடுனாவன்னு கேட்டீயளா? நீங்க செத்துட்டீயன்னு அவுகளுக்குப் போன் வந்துச்சு. செருப்புகூடப் போடாம ஓடி வந்திருக்காவ. உங்க மதில்ல தோள் இடிச்சுத்தான் விழுந்தாவ. நீங்க அங்க மாலையத் தள்ளி வச்சுக்கிட்டு இருந்தீய. தூக்கப் போனவுககிட்ட, என்னைய அப்புறம் தூக்கலாம், முதல்ல அவன் வீட்டுல போயி உலகம்மாளப் பாருங்கன்னு சொல்லியிருக்காவ."

நான் சாதத்தில் கை வைத்தபடி இருந்தேன். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மே 17, சனி

எழுத ஒன்றும் இல்லை.

மே 18, ஞாயிறு

மாலையில் நடைப்பயிற்சியாக ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். வழியில் ஆரஞ்சுப் பழம் நன்றாக இருந்ததால் வீட்டுக்கு வாங்கினேன். வாசலில் காவலர், பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். பழத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நாளைக் காலை அத்தனையும் உலகம்மாளோடு கோயிலுக்குப் போய்விடும் என்று நினைக்கிறேன். நாளையும் நடைப்பயிற்சி உண்டு.

மே 19, திங்கள்

நடைப்பயிற்சிக்குப் போகவில்லை.

ஆவுடையப்பன் மனைவி சங்கரவடிவு துணி எடுக்கத் தன் வீட்டுக்கு வந்தவள், கொல்லைப்பக்கம் உலகம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். சன்னலோரம் இருந்ததால் காதில் விழுந்தது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். மூன்று மாதம் சக்கர நாற்காலி. அதில் உட்கார வைத்துத் தினமும் உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போய் வர வேண்டும். நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். சந்து இருபத்து நான்கு. தூத்துக்குடியில் மகன் தரைத்தளத்தில் வீடு வாடகைக்குப் பேசிவிட்டானாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே போய்விடுவார்களாம். இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறானாம்.

"வீட்டப் பாக்காமலேயே போறதான்னு கேக்காவ. அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?" என்றாள் சங்கரவடிவு. உலகம்மாளும் அழுதாள்.

சங்கரவடிவு போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. ஒரு பக்கம் அவன் சுவர், மறுபக்கம் என் மதில். இருபத்து நான்குதான். மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றிலும் அதே.

அவன் விழுந்த இடத்தில் மதிலில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. நான் அங்கேயே நின்றேன். நான் செத்துவிட்டேன் என்று கேட்டு என் வீட்டை நோக்கி ஓடி வந்தவன் ஒரே ஒருவன்தான். அவன் வந்த வழியில் நான் சுவர் வைத்திருந்தேன். சேலத்துக்காரன் விடுப்புதான் எடுத்தான். இவன் செருப்புகூடப் போடவில்லை.

அவன் தூத்துக்குடிக்குப் போய்விட்டால் இனி இந்தப் பக்கம் வர மாட்டான். அவன் வீட்டு வெளிச்சம் என் சன்னலில் விழாமல் என்னால் இங்கே இருக்க முடியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதும் இதுதான் முதல்முறை.

மே 20, செவ்வாய்

உண்மையைப் பதிவு செய்கிறேன்.

சந்தின் அகலம் இரண்டே முக்கால் அடி, அதாவது முப்பத்து மூன்று அங்குலம் என்று அவன் பத்திரத்தில் இருக்கிறது. நான்கு எல்லைகளும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்தவன் நான்தான். கீழே என் கையெழுத்து இருக்கிறது. எழுத்தர் எழுதியது போல அழகாகத்தான் இருக்கிறது.

மதில் கட்டும்போது எனக்குத் தெரியும். கொத்தனார் கயிறு பிடித்தபோது அது அவன் சந்துப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. சரி, பரவாயில்லை, ஆவுடைதானே, ஒன்றும் சொல்ல மாட்டான் என்று விட்டேன். அவன் டேப்பை எடுத்துவந்து நாலு பேர் முன்னிலையில் அளந்து காட்டினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மற்றதெல்லாம் வக்கீல்கள் எழுதியது.

ஆகவே சுவரை எடுப்பது கொடுப்பதில் சேராது. இன்று முதல் மதிப்பெண் எழுதுவதை நிறுத்துகிறேன்.

கொத்தனார் வேலாண்டியை வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 21, புதன்

வேலாண்டி இரண்டு ஆளோடு வந்து மதியத்துக்குள் இடித்துவிட்டார். ஆறு வருடம் கோர்ட்டில் நின்ற சுவர் ஐந்து மணி நேரத்தில் கல்லாகக் குவிந்துவிட்டது. கோர்ட்டில் சாமியே சாட்சி சொன்னாலும் இடிக்க மாட்டேன் என்றீர்களே சார் என்று வேலாண்டி கேட்டார். சிமென்ட் சரியில்லை என்று சொன்னேன்.

தெருவே வேடிக்கை பார்த்தது. குற்றாலலிங்கம் வந்து, சங்கத்தின் சார்பில் இதை ஒரு சமாதான விழாவாக வைத்து பேனர் கட்டலாமா என்று கேட்டார். அவரை முதலில் சந்தை விட்டு வெளியே போகச் சொன்னேன். வேண்டிய இடம் இப்போது இருப்பதால் சுலபமாகப் போய்விட்டார்.

மதில் இருந்த இடத்தில் எல்லைக்கு நான்கு கல் நடச் சொன்னேன். வேலாண்டி கயிறு கட்டும்போது, இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னேன். நாற்காலியைத் தள்ளுகிறவர் கையும் இடிக்கக் கூடாது பாருங்கள். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பத்திரப்படி சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன்.

உலகம்மாள் தூத்துக்குடிக்குப் போன் செய்து, இனி நாற்காலி சந்தில் போகும் என்று ஆவுடையப்பன் மகனிடம் சொன்னாள். பிறகு கோயிலுக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டே போனாள்.

மே 22, வியாழன்

காலை பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தது. மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வந்தான். ஆவுடையப்பன் இளைத்துப் போயிருந்தான். வேட்டிக்குமேல் மடியில் மருந்துப் பை. நான் என் வாசலில் நின்றேன். உலகம்மாள் பின்னாலிருந்து என்னைத் தள்ளாத குறையாக நின்றாள்.

வாசலுக்கு நாலடி இருக்கும்போது நிறுத்தச் சொன்னான். தன் சுவரையும் என் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். சங்கரவடிவிடம் டேப் எடுத்து வரச் சொன்னான். முதலில் உள்ளே போய்ப் படுங்கள் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். எடுத்து வந்தால்தான் போவேன் என்றான்.

டேப்பின் ஒரு முனையைத் தன் சுவரில் வைத்தான். மறுமுனை எட்டவில்லை. குனிய முடியாது. மகன் கை நீட்டினான். ஆவுடையப்பன் அவனிடம் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து நீட்டினான். நான் போய் வாங்கிக் கல்லில் வைத்தேன்.

"முப்பத்தஞ்சு," என்றான். ஆறு வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "பத்திரத்துல முப்பத்துமூணு. ரெண்டு இஞ்சு கூட விட்டிருக்கீரு வே."

இருக்கட்டும் என்றேன்.

"இருக்கட்டும்னா என்ன அர்த்தம்? அது உம்ம எடம். அடுத்தவன் எடம் எனக்கு எதுக்கு? கல்லத் தள்ளி நடும்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாற்காலிக்கு வசதியாக இருக்கும் என்றேன். தன் நாற்காலிக்கு முப்பத்துமூன்றே போதும் என்றான். நான் மனமார விட்டது, வாங்கிக்கொள் என்றேன். பத்திரத்தில் இல்லாததை வாங்க மாட்டேன் என்றான். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. உலகம்மாளும் சங்கரவடிவும் இவர்கள் அடங்க மாட்டார்கள் என்று சொல்லி, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மகன் நாற்காலியை ஓர் அடி நகர்த்தப் பார்த்தான். ஆவுடையப்பன் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டான். என் இடத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளும் வரை வீட்டுக்குள் போக மாட்டானாம்.

கொடுப்பதைப் பற்றி அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஒரு மணி நேரம் பேசினார். இப்படி ஒருவன் வெயிலில் உட்கார்ந்து கொடுத்தால் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று அவர் சொல்லித் தரவில்லை.

கடப்பாரையை எடுத்து வந்தேன். முதல் கல்லைப் பெயர்த்தேன். அவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் அரை, இன்னும் கால், என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கக் கையில் மண் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அவன் அதைப் பார்க்காததுபோல் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்துட்டீருன்னு சொன்னானுவ," என்றான்.

"ஆமா. எல்லாருட்டயும் சொல்லியிருக்கானுவ."

"நான் நம்பிட்டேன் வே."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். வாயைத் திறந்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"கல்லு கோணலா நிக்கி. நேரா நடும்," என்றான்.

நேராக நட்டேன்.